நூற்று எண்பத்தொன்றாவது அழைப்பு

"கூட்டுக் காவல் குழுவில் ஓர் ஊராட்சியின் சார்பாக அமர்பவர், பொதுப் பாதுகாப்பில் பட்டறிவு உடையவராகவும், நெருக்கடியில் நிதானம் இழக்காதவராகவும், விரைந்து முடிவெடுக்கும் ஆற்றலும் உடல் திடமும் கொண்டவராகவும் இருத்தல் வேண்டும்." ஒப்பந்தத்தின் நான்காம் பிரிவு இப்படிச் சொல்கிறது. வடக்கு லாரல் ஊராட்சி தன் சார்பாக ஒன்பது ஆண்டுகள் அனுப்பி வைத்தது மேவிஸ் டிரெஸ்லரை.

மேவிஸுக்கு அப்போது ஐம்பத்தொன்பது வயது. வாத்து என்றால் பயம். இடி என்றால் பயம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மணியடிக்கும் தொலைபேசி என்றால் பயம். காரில் ஏறுமுன் பின்சீட்டைக் குனிந்து பார்ப்பார். ஏறியதும் நான்கு கதவையும் பூட்டுவார். பூட்டிய பிறகு பின்சீட்டை இன்னொரு தடவை பார்ப்பார். கணவர் லெஸ்டர் இறந்த மறுவாரமே, நிலவறையில் இருந்த துணி துவைக்கும் இயந்திரத்தை இரண்டு ஆள் வைத்து மேலே ஏற்றி, சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டார். நிலவறைக் கதவுக்கு முன்னால் ஒரு பெரிய அலமாரியை நகர்த்தி வைத்தார். "கீழ அப்படி என்னதான் இருக்கு, மேவிஸ்?" என்று ஒருமுறை கேட்டேன். "ஒண்ணும் இல்லை. அதான் பயம்," என்றார்.

அவர் குழுவுக்கு வந்தது எளிய காரணத்தால். குழு கூடுவது மாதத்தின் இரண்டாம் வியாழக்கிழமை மாலை. ஊராட்சியின் மூன்று உறுப்பினர்களில் ஒருவருக்கு வியாழக்கிழமை என்றால் பந்துருட்டு ஆட்டம், இன்னொருவருக்குப் பால் கறக்க வேண்டும், மூன்றாமவருக்கு மனைவி அனுமதி தரவில்லை. ஊராட்சி அலுவலகத்தில் பகுதிநேர எழுத்தராக இருந்த மேவிஸுக்கு வியாழக்கிழமை மாலைகளில் ஜன்னல்களைச் சரிபார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. பெயரை எழுதி அனுப்பிவிட்டார்கள்.

காவல் துறையைக் கூட்டாக நடத்துவது மூன்று ஊர்கள்: நான் வசிக்கும் டேனர்ஸ்பர்க் பேரூராட்சி, வடக்கு லாரல், தெற்கு லாரல். தனித்தனியாக இருந்தால் எந்த ஊராலும் ஒரு காவலரைக்கூட வைத்திருக்க முடியாது. சேர்ந்து இருந்ததால் ஒன்பது காவலர்களும் நான்கு கார்களும் ஓயாத சண்டையும் வாய்த்தன. பென்சில்வேனியாவில் சொந்தக் காவல் துறை இல்லாத ஊருக்கு மாநிலப் போலீஸ் வரும். மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும். இலவசம், நாற்பத்தைந்து நிமிடம்.

செலவைப் பங்கிடும் முறையை எழுதியவர் எல்வுட் பாம்பெர்கர். வடக்கு லாரலில் ஆப்பிளும் சோளமும் போடும் விவசாயி. பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் ஊராட்சி உறுப்பினராக இருந்தவர். அதற்கு முன் இரண்டு வருடம் பேச்சுவார்த்தை நடந்திருந்தது. தலைக்கு இவ்வளவு என்று வைத்தால் ஆள் நிறைந்த டேனர்ஸ்பர்க் கத்தியது. வீட்டு மதிப்புப்படி என்றால் கோல்ஃப் மைதானத்தைச் சுற்றிப் புது வீடுகள் கட்டியிருந்த தெற்கு லாரல் கத்தியது. சாலை நீளத்தின்படி என்றால் சாலையைத் தவிர வேறொன்றும் இல்லாத வடக்கு லாரல் கத்தியது. தீயணைப்புக் கூடத்தில் கோழி விருந்து நடந்த ஒரு சனிக்கிழமை எல்வுட் எழுந்து நின்று, யார் எத்தனை தடவை கூப்பிடுகிறார்களோ அதற்கேற்பக் கொடுக்கட்டும் என்றார். அறுபது அழைப்புக்கு ஓர் அலகு. எது அழைப்பு என்று வக்கீல் கேட்டார். எல்வுட் சொன்ன பதில் அப்படியே ஒப்பந்தத்தில் இருக்கிறது: "சக்கரம் உருண்டால் ஒன்று. எதற்காக உருண்டது என்பது கேள்வி அல்ல."

நல்ல விதி. குறை ஒன்றுதான்: மக்கள் அதைப் புரிந்துகொண்டார்கள்.

கணக்கு ஆண்டு செப்டம்பர் முப்பதோடு முடியும். வடக்கு லாரலின் பங்கு மூன்று அலகு, அதாவது நூற்று எண்பது அழைப்பு. ஒன்று கூடினாலும் நான்காவது அலகு, எண்பதாயிரம் டாலர். அந்த ஊராட்சி ஒரு குளிர்காலம் முழுக்கப் பனி தள்ளுவதற்குச் செலவிடும் தொகை அது. ஆகவே செப்டம்பரில் வடக்கு லாரலில் குற்றமே நடக்காது. மாடு சாலைக்கு வந்தால் வந்தவர்களே ஓட்டிவிடுவார்கள். கார் அடிபட்டு மான் செத்துக் கிடந்தால், இருட்டுவதற்குள் யாரோ அதை எல்லைக்கு அந்தப் பக்கம் இழுத்துப் போட்டிருப்பார்கள். தெற்கு லாரல்காரர்கள் விடிந்ததும் திருப்பி இழுத்துப் போடுவார்கள். ஒரு மான் இரண்டு நாளில் நான்கு முறை ஊராட்சி மாறியதாக நடவடிக்கைக் குறிப்பில் நானே எழுதியிருக்கிறேன். குறிப்பெழுதுவதுதான் குழுவில் என் வேலை.

இந்தச் சிக்கனத்தின் காவலர் மேவிஸ். செப்டம்பர் முதல் தேதி பிறந்ததும் ஊராட்சி அலுவலகத்துக்கு வரும் ஒவ்வொரு புகாரையும் தானே சமாதானம் செய்து திருப்பி அனுப்புவார். நாய் குரைக்கிறதா, பிஸ்கட் வாங்கிப் போடுங்கள். பட்டாசு வெடிக்கிறார்களா, கல்யாணமாக இருக்கும். தனியாக வாழும் முதியவர்களின் பட்டியல் ஒன்று வைத்துக்கொண்டு தினமும் தொலைபேசியில் நலம் கேட்பார். யாராவது கவலைப்பட்டு "போய்ப் பாருங்கள்" என்று போலீசுக்குச் சொன்னால் அதற்கும் சக்கரம் உருளுமே.

ஆனால் அந்தப் பெண்மணி ஊராட்சியின் பணத்துக்காக இதைச் செய்யவில்லை. மேட்டுச் சாலையில் அவர் வீடு தனி வீடு. காலை ஏழரைக்கும் மாலை நான்கு மணிக்கும் ரோந்து கார் அந்த வழியாகப் போகும். திரைச்சீலைக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்த பிறகுதான் காலைக் காப்பி. அதைப் பார்த்த பிறகுதான் மாலையில் கதவைப் பூட்டி உட்கார்வது. நான்காவது அலகு வந்தால் ஊராட்சி கூட்டிலிருந்து விலகிவிடும் என்று உறுப்பினர்கள் வெளிப்படையாகவே சொல்லியிருந்தார்கள். விலகினால் அந்தக் கார் வராது. நாற்பத்தைந்து நிமிடம். போலீஸ் தன்னைக் கைவிட்டுவிடக் கூடாது என்பதற்காக, ஊரில் எவரும் போலீசைக் கூப்பிடாமல் பார்த்துக்கொண்டார் எங்கள் ஊர்களிலேயே மிகவும் பயந்த பெண்.

அந்த வருடம் செப்டம்பர் இருபத்திரண்டாம் தேதி எண்ணிக்கை நூற்று எண்பதைத் தொட்டது. அதற்குப் பிறகு ஐந்து நாள் மேவிஸ் சரியாகச் சாப்பிடவில்லை.

இருபத்தேழாம் தேதி வெள்ளிக்கிழமை. மதியம் ஒன்றரை மணிக்கு ட்வைலா ஹெஸ் ஊராட்சி அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினார். ஆர்ச்சர்ட் சாலையில் எல்வுட்டுக்கு அடுத்த பண்ணைக்காரி. நடந்ததை இருவரும் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். எல்வுட்டும் தன் பங்குக்குச் சொன்னார். முரண்படும் இடங்களில் நான் மேவிஸை நம்பியிருக்கிறேன். பயந்தவர்கள்தான் எதையும் உன்னிப்பாகப் பார்ப்பார்கள்.

"மேவிஸ், எல்வுட்டை நீ எப்போ கடைசியாப் பார்த்தே?"

"புதன்கிழமை காலையில போன்ல பேசினேன். நேத்து அடிச்சேன், எடுக்கலை. அவருக்குத்தான் போனே பிடிக்காதே. ஏன்?"

"ரெண்டு நாள் பேப்பர் வாசல்ல பேப்பர் போடற குழாய்லயே சொருகிக் கிடக்கு. டிராக்டர் சோளக்கொல்லைக்கு நடுவுல நிக்குது, கதவு திறந்தபடி. எங்க வீட்டுக்காரர் நேத்துலருந்து சொல்லிட்டு இருக்காரு. போலீசைக் கூப்பிடலாம்னுதான் நினைச்சேன். ஆனா செப்டம்பர் ஆச்சே."

மேவிஸ் நாட்காட்டியில் மீதி நாட்களை எண்ணினார்.

"உங்க வீட்டுக்காரர் ஒரு எட்டு போய்ப் பார்க்கலாமே."

"அவரா. போன வருஷம் வேலி விஷயமா அவரு தலைக்கு மேல சுட்டவரு எல்வுட். செத்தாலும் அந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்காரு."

"சரி. நான் போறேன்."

"நீயா?" என்றார் ட்வைலா. அந்தக் கேள்வியில் கேலி இல்லை, உண்மையான வியப்புதான் இருந்தது என்கிறார் மேவிஸ். அதுதான் அவரை அதிகம் பயமுறுத்தியதாம்.

எல்வுட்டின் வீடு சாலையிலிருந்து கால் மைல் உள்ளே, ஆப்பிள் மரங்களுக்கு நடுவே இருக்கிறது. மேவிஸ் அஞ்சல் பெட்டி வரை போய் காரை நிறுத்தினார். அவர் மனத்தில் மூன்று பயங்கள் வரிசையில் நின்றன. எல்வுட் செத்துப் போயிருக்கலாம். பிணத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். எல்வுட் உயிரோடு இருக்கலாம். சமையலறைக் கதவுக்குப் பின்னால் துப்பாக்கி வைத்திருப்பவர், சுவர்ப்பலகை விற்க வந்தவன் தொப்பியை அது ஒருமுறை பறக்கவிட்டிருக்கிறது. மூன்றாவது, வீட்டுக்குள் எல்வுட் இல்லாத வேறு யாரோ இருக்கலாம். ஆகஸ்டில் மேட்டுச் சாலையில் இரண்டு வீடுகளை உடைத்திருந்தார்கள். ஒன்று நிஜமானால் மற்ற இரண்டும் பொய்யாகிவிடும் என்பது அவருக்கு ஆறுதலாக இல்லை.

காரைத் திருப்பிக்கொண்டு அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

அங்கே பனி தள்ளும் வண்டி நிற்கும் கொட்டகையில், சாலைப் பணியாளர்கள் போட்டுக்கொள்ளும் பளிச்சென்ற ஆரஞ்சு மேல்சட்டை ஒன்று தொங்கியது. மான் வேட்டைக் காலத்தில் காட்டுக்குள் போகிற எவரும் எங்கள் பக்கத்தில் ஆரஞ்சு போடாமல் போவதில்லை. சுடுகிறவன் மனிதர் என்று தெரிந்துகொள்ள. மேவிஸ் அதை எடுத்துப் போட்டுக்கொண்டார். முழங்கால் வரை வந்தது. தலைக்கும் ஒரு ஆரஞ்சுத் தொப்பி. அந்தக் கோலத்தில் திரும்பவும் போனார்; இந்த முறை அஞ்சல் பெட்டியில் நிற்கவில்லை, நின்றால் மறுபடி திரும்பிவிடுவோம் என்று தெரிந்ததால்.

முற்றத்தில் இறங்கி, கார் கதவைத் திறந்தே வைத்துவிட்டு, தன்னால் முடிந்த அளவு உரக்கச் சொன்னார்.

"எல்வுட், நான்தான் மேவிஸ். ஊராட்சியிலருந்து. வரி விஷயமா வரலை."

பழுத்து விழுந்த ஆப்பிள்களில் குளவிகள் இரைந்தன. சமையலறைக் கதவு ஒரு கை அகலம் திறந்திருந்தது. தள்ளினார். துப்பாக்கி அதன் இடத்தில் சாய்ந்து நின்றது. அது நல்லதா கெட்டதா என்று அவரால் முடிவு செய்ய முடியவில்லை. மேசையில் பீட்ரூட் சாற்றில் ஊறிய முட்டை ஜாடி மூடாமல் இருந்தது, ஈக்கள். தட்டில் பாதி கடித்த ரொட்டி, ஓரங்கள் மேல்நோக்கி வளைந்து காய்ந்திருந்தது. கடிகாரம் ஓடியது. ஒரு நாற்றம் வந்தது, முட்டையிலிருந்துதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அப்போது அவர் காலுக்குக் கீழே தரைக்கு அடியிலிருந்து மூன்று தட்டு கேட்டது.

மேவிஸ் ஓடினார். முற்றத்தைக் கடந்தது அவருக்கு நினைவில்லை. காருக்குள் இருந்தார், நான்கு கதவும் பூட்டியிருந்தது, பின்சீட்டைப் பார்த்துவிட்டார், சாவி கையில் இருந்தது, ஆனால் துளைக்குள் போகவில்லை. சாவி மட்டும் போயிருந்தால் இந்தக் கதை இங்கே முடிந்திருக்கும் என்று அவரே சொல்வார். சாவியோடு போராடிக்கொண்டிருந்த அந்த ஒரு நிமிடத்தில்தான், செத்தவர்கள் தட்டமாட்டார்கள், திருட வந்தவர்களும் தட்டமாட்டார்கள் என்பது அவருக்கு உறைத்தது.

இறங்கினார். உள்ளே போனார். நிலவறைக் கதவைத் திறந்தார். ஒரே ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. படிகளுக்குக் கைப்பிடி இல்லை. கீழே, கடைசிப் படிக்கு அப்பால், இரண்டு பூட்சுகள் தெரிந்தன. ஒன்று நேராக இருந்தது, மற்றது இருக்கக்கூடாத திசையில் திரும்பியிருந்தது.

"யாரது?" என்றது கீழே இருந்து ஒரு குரல்.

"மேவிஸ்."

"ஊராட்சி மேவிஸா? என்ன இது, மான் வேட்டைக்கா வந்தே?"

ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார். எண்பத்தொரு வயது எல்வுட் பாம்பெர்கர் புதன்கிழமை மாலையிலிருந்து அங்கே மல்லாந்து கிடந்தார். டிராக்டருக்கு ஒரு பெல்ட் எடுக்க அவசரமாக இறங்கியவர், மூன்றாம் படியில் தவறியிருந்தார். கைக்கு எட்டிய தட்டில் மகள் போட்டு வைத்த பீச் பழ ஜாடிகள் இருந்ததால் பேனாக்கத்தியால் மூடியை நெம்பி, சாற்றைக் குடித்து உயிரோடு இருந்தார். காலி ஜாடியால்தான் தண்ணீர்க் குழாயைத் தட்டியிருந்தார். முகம் மெழுகு நிறத்தில் இருந்தது. உதடுகளில் நீலம்.

"இன்னைக்கு என்ன தேதி?" என்று கேட்டார்.

"இருபத்தேழு. நான் போய்க் கூப்பிடறேன், எல்வுட். அசையாதீங்க."

"யாரை?"

"ஆம்புலன்சைத்தான்."

"இரு. எண்ணிக்கை எத்தனையில நிக்குது?"

மேவிஸின் முகத்தைப் பார்த்தே எல்வுட் தெரிந்துகொண்டார்.

"நூத்தி எண்பதா?"

"ஆமா. ஆனா ஆம்புலன்சுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

"ஆம்புலன்ஸ் கிளம்பினா கூடவே போலீஸ் காரும் கிளம்பும். கூட்டு வச்ச நாள்லருந்து அப்படித்தான். சக்கரம் உருண்டா ஒண்ணு. அதை எழுதினவன் யாருன்னு உனக்குத் தெரியாதா? ஏம்மா, இன்னும் மூணு நாள்தானே. பீச் இருக்கு. ஒரு போர்வை கொண்டா. செவ்வாய்க்கிழமை காலையில கூப்பிடு."

"உங்க கால் திரும்பிக் கிடக்கு."

"எனக்குத் தெரியும். நான்தானே கூட இருக்கேன்."

இதை அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை என்பதுதான் கொடுமை. பதினெட்டு வருடமாக அவர் எழுதிய விதிக்குள் அவர் ஊர் அடங்கி நடந்திருக்கிறது. அதை உடைத்த அழைப்பு தன் வீட்டிலிருந்து போனதாகப் பதிவாக வேண்டாம் என்று நினைத்தார். செத்துவிடுவோம் என்ற பயம் அவருக்கும் இருந்தது. அது போதாதென்று, செவ்வாய்க்கிழமை வரை காத்திருக்கலாம் என்ற அவர் யோசனை மேவிஸுக்கும் நியாயமாகப் பட்டது.

"வேற வழி ஒண்ணு இருக்கு," என்றார் எல்வுட். "தோட்டத்துக்குக் கோடியில எல்லைக்கல் இருக்கில்லையா. அதுக்கு அந்தப் பக்கம் தெற்கு லாரல். தள்ளுவண்டி கொட்டகையில இருக்கு. என்னை ஏத்தி அந்தப் பக்கம் கொண்டு போய்ப் போடு. அங்கருந்து கூப்பிடு. மானுக்குச் செய்யறோம், மனுஷனுக்குச் செய்யக்கூடாதா?"

சுயபுத்தி உள்ள எவரும் முடியாது என்றிருப்பார்கள். மேவிஸ் வடக்கு லாரல்காரி. கொட்டகைக்குப் போனார். ஆப்பிள் சுமக்கும் தள்ளுவண்டியை எடுத்து, அதில் ஒரு சாக்கை மடித்துப் போட்டு, வெளிப்பக்கம் நிலவறைக்கு இருக்கும் சாய்கதவைத் திறந்து, சறுக்குப் பலகை வழியாகக் கீழே இறக்கினார். அந்த நேரத்தில் தனக்குப் பயமே இல்லை என்றார். செய்ய ஒரு வேலை இருந்ததாம், அந்த வேலைக்கு ஒரு முடிவு இருந்ததாம். எல்வுட்டின் அக்குளுக்கடியில் இரு கைகளையும் கொடுத்துத் தூக்கினார்.

எல்வுட் போட்ட சத்தத்தைப் பற்றி மேவிஸ் பேசமாட்டார். இரண்டு முறை கேட்டேன். "மனுஷன் போடற சத்தமில்லை" என்பதற்கு மேல் வரவில்லை.

சத்தம் நின்றபோது எல்வுட்டின் தலை ஒரு பக்கமாகத் தொங்கியது. கண்கள் பாதி திறந்திருந்தன, எதையும் பார்க்கவில்லை. மேவிஸ் அவரைத் தரையில் கிடத்தினார். பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கன்னத்தைத் தட்டினார். கன்னம் நிலவறைச் சுவரைப் போலக் குளிர்ந்திருந்தது. ஒரு பிணத்தோடு, நிலவறையில், தன்னால் பிணமாக்கப்பட்ட ஒருவரோடு தனியாக இருக்கிறோம் என்று நினைத்தார். வாழ்நாள் முழுக்க அவர் பயந்த எல்லாமும் ஒரே அறைக்கு வந்து சேர்ந்திருந்தன. பிறகு அவர் மூக்கருகே காதை வைத்தார். மூச்சு இருந்தது; இருந்து இருந்து வந்தது.

கைபேசிக்கு அந்தப் பள்ளத்தில் அலை கிடைக்காது. சமையலறைச் சுவரில் பழைய தொலைபேசி இருந்தது. மேலே ஏறி, ரிசீவரை எடுத்து, அவசர உதவிக்கான 911 அடித்தார். மூன்று இலக்கத்துக்கு இரண்டு முறை தவறாக அடித்தார்.

கட்டுப்பாட்டு அறைப் பெண் நிதானமாகப் பேசினார்.

"உங்க முகவரி சொல்லுங்க."

"ஆர்ச்சர்ட் ரோடு, நானூத்தி பன்னிரண்டு. படியிலருந்து விழுந்துட்டாரு. இடுப்பு உடைஞ்சிருக்கு. ரெண்டு நாளாச்சு. மூச்சு சரியா வரலை. நான் தூக்கினேன், தூக்கியிருக்கக் கூடாது."

"சரிங்க. ஆர்ச்சர்ட் ரோடு, தெற்கு லாரல்தானே?"

இரண்டு லாரலிலும் ஓர் ஆர்ச்சர்ட் சாலை உண்டு. பெயரை விட்டுக்கொடுக்க இரண்டு ஊராட்சியும் மறுத்துவிட்டன. அழைப்புகள் பெரும்பாலும் கோல்ஃப் வீடுகளிலிருந்து வருவதால் அந்தப் பெண் அப்படிக் கேட்டது இயல்பு. மேவிஸ் எதுவும் இட்டுக்கட்ட வேண்டியதில்லை. "ஆமா" என்றால் போதும். கார் தெற்குப் பக்கம் கிளம்பும், சக்கரம் அங்கே உருளும், பிறகு எப்படியாவது சரி செய்துகொள்ளலாம். ஒன்பது மைல், பதினைந்து நிமிடம் வீண். காலை ஏழரை மணிக் கார். மாலை நான்கு மணிக் கார். திரைச்சீலைக்குப் பின்னால் இனி எதையும் பார்க்காமல் நிற்கப்போகும் தன்னை அவர் பார்த்தார்.

"அம்மா, இருக்கீங்களா? தெற்கு லாரல்தானே?"

"இல்லை," என்றார் மேவிஸ். "வடக்கு."

ரோந்து கார் ஏழு நிமிடத்தில் வந்தது, ஆம்புலன்சுக்கு முன்னால். ஓட்டி வந்தவர் காவல் துறைத் தலைவர் யூர்க்கோ. கழுத்தில் ஆரஞ்சுத் தொப்பி தொங்க, நிலவறைத் தரையில் தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த குழு உறுப்பினரை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மேவிஸ், இந்த வண்டி எதுக்கு?"

"கேட்காதீங்க, சீஃப்."

கேட்கவில்லை. மேவிஸை வீட்டில் கொண்டுவிடும் வழியில் அவரே ஒரு யோசனை சொன்னார்: தான் காப்பி குடிக்க அந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்ததாகவும் தானாக எட்டிப் பார்த்ததாகவும் எழுதிக்கொள்ளலாம். அப்போது அது அழைப்பு ஆகாது. மேவிஸ் யோசிக்க ஒரு நாள் கேட்டார். அந்த ஒரு நாளில் எல்வுட், மருத்துவமனையில் இடுப்புக்கு ஆணி அடித்த மயக்கம் தெளிந்து, குழுவுக்கு ஒரு கடிதம் சொல்லி எழுதவைத்தார். ஒரே வரி. "சக்கரம் உருண்டது, எண்ணிக்கொள்க." இன்னும் ஓர் இரவு அங்கே கிடந்திருந்தால் சிறுநீரகம் நின்றிருக்கும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதைக் கேட்ட பிறகும் அந்த மனிதர் அந்த வரியைத்தான் எழுதினார். செவ்வாய்க்கிழமை வரை காத்திருக்காத மேவிஸோடு குளிர்காலம் முழுக்கப் பேசவும் இல்லை.

அக்டோபர் கூட்டத்தில் தெற்கு லாரலின் உறுப்பினர் பெருந்தன்மையாக, இந்த ஒன்றைக் கண்டுகொள்ளாமல் விடலாம் என்றார். எதிர்பார்த்ததுபோல என் டேனர்ஸ்பர்க் மறுத்தது: இன்று இடுப்பு, நாளை முழங்கால். நூற்று எண்பத்தொன்று பதிவானது. வடக்கு லாரல் ஊராட்சி இரண்டுக்கு ஒன்று என்ற வாக்கில் கூட்டிலிருந்து விலகியது. ஜனவரி ஒன்றாம் தேதியிலிருந்து மேட்டுச் சாலையில் ரோந்து கார் போவதில்லை. மேவிஸின் குழுப் பதவியும் அதோடு போயிற்று. அவர் இப்போது வாசலுக்கு மூன்று பூட்டுப் போட்டிருக்கிறார். தூக்கம் முன்னைப்போல் இல்லை என்கிறார். வருத்தமா என்று கேட்டால், "பயமா இருக்கு" என்பார். வருத்தம் என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

விலகும் முன் நடந்த கடைசிக் கூட்டத்தில், இருபத்தேழாம் தேதி நிகழ்வைக் குறிப்பில் எப்படிப் பதிவது என்ற கேள்வி எழுந்தது. வீரச்செயல் என்று போடலாம் என்றார் யூர்க்கோ. வரம்பு மீறலுக்குக் காரணமானது என்று போடலாம் என்றார், பால் கறப்பதை விட்டுவிட்டு அன்று வந்திருந்த ஊராட்சி உறுப்பினர். மேவிஸ் இரண்டும் வேண்டாம் என்றார். நான் எழுதியது வருமாறு.

திருமதி டிரெஸ்லர் பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்குப் போலீசைக் கூப்பிட்டார், சரியான ஊரைச் சொன்னார், வண்டி வரும்வரை நிலவறைக்குத் திரும்பிப் போய் திரு. பாம்பெர்கரின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.